தேர் பின்னோக்கி உருளுமா?

களனி ஆற்றின் வடகரையில், கொழும்பு மாநகரின் எல்லை முடியுமிடத்தில் தொடங்குகிறது பேலியகொடை. 2011இல் புறக்கோட்டை சென் ஜோன்ஸ் சந்தையிலிருந்து மொத்த மீன் வியாபாரம் இங்கு இடம்பெயர்ந்தது. இச்சந்தையிற் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மகன், க.பொ.த. உயர்தரம் பயிலும் மாணவன், ஒரு மாலை நம் முன்னே அமர்ந்து கையடக்க விளையாட்டுக் கருவியொன்றில் ஆழ்ந்திருந்தான். வெளிநாட்டிலுள்ள உறவினர் பயன்படுத்திவிட்டு அனுப்பிய பழைய கருவி அது. கட்டங்கட்டமாக வகுத்த களத்தில் வாள்வீரரும் குதிரைவீரரும் மந்திரவாதிகளும் நிற்க, முதலில் இவன் தன் ஆட்களை நகர்த்த, பிறகு கருவி தன் ஆட்களை நகர்த்த, முறைவைத்து நடக்கும் கற்பனைப் போர். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆடி வெற்றியின் வாயிலை அடைந்தபோது, அவன் படையில் இருந்த வில்லாளி ஒருவன் பகைவனின் கோடரிக்கு இரையானான். மாணவன் உடனே கருவியை நிறுத்தினான். மீண்டும் முதலிலிருந்து தொடங்கினான்.

இறந்தவன் பெரிய வீரனோ என்று கேட்டோம். "இல்லை சேர், சும்மா ஆள். இருக்கிறதிலயே பலமில்லாதவன்" என்றான். அப்படியாயின் வெல்லப்போகும் போரை ஏன் விட்டாய் என்றோம். "பேர் தெரிஞ்ச ஆளைச் சாக விட்டுட்டு எப்பிடி சேர் அங்கால போறது?" என்பது அவன் மறுமொழி.

ஒரு பொம்மையின் மரணத்துக்காக ஒரு மணி நேர வெற்றியைத் துறந்த இச்செயலைப் பேதைமை என்பதா, அறம் என்பதா? அன்றிரவு நம்மை விடாது தொடர்ந்த வினா இது. சிறுபிள்ளை விளையாட்டுப் பற்றிய வினாவாக இதை நாம் கருதவில்லை. காய்களை நகர்த்துபவனுக்குக் காய்கள்பால் உள்ள கடப்பாடு யாது என்ற பழைய வினாவே இங்குப் புதிய உருவில் நம்முன் வந்து நிற்கிறது.

சதுரங்கம் என்னும் பெயரே யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையைக் குறிப்பது. இந்தியாவில் தோன்றிப் பாரசீகம் வழியாக உலகெங்கும் பரவிய அவ்வாட்டத்திற் காலாளுக்குப் பெயர் கிடையாது. அரசனைக் காக்க முதலில் வெட்டுண்பதே அவன் கடமை. 1824இல் பிரஷ்யப் படையதிகாரியான ரைஸ்விட்ஸ் வகுத்த போர்விளையாட்டு, அந்நாட்டு அதிகாரிகளின் பயிற்சிக்கூடத்திற் புகுந்தது. அங்கே மனிதர் அளவிட்ட கட்டைகளாயினர். 1913இல் சோசலிசவாதியான எச்.ஜி. வெல்ஸ், பொம்மை வீரர்களைத் தரையில் நிறுத்தி ஆடும் விதிகளைச் 'சிறு போர்கள்' என்ற நூலாக எழுதினார். பொம்மைப் போரை ஆடிப்பார்த்தவனுக்குப் பெரும்போர் எத்துணை மூடத்தனமானது என்பது புலனாகும் என அவர் வாதித்தார். அடுத்த ஆண்டே பெரும்போர் மூண்டது. வாதம் தோற்றது என்று இதற்குப் பொருளன்று. போரைத் தொடங்கியவர்கள் தரையில் அமர்ந்து விளையாடியவர்கள் அல்லர்.

இம்மரபில் ஒரு புதுமை 1990இல் நேர்ந்தது. ஜப்பானில் ஷோசோ காகா என்பவர் வடிவமைத்த 'பயர் எம்பிளம்' என்ற விளையாட்டில் ஒவ்வொரு வீரனுக்கும் பெயரும் முகமும் பேச்சும் தரப்பட்டன; களத்தில் வீழ்ந்தவன் மீண்டும் வரமாட்டான் என்ற விதியும் வகுக்கப்பட்டது. 2002 முதல் அவ்வரிசை கையடக்கக் கருவிகளிலும் வெளிவந்தது. காலாள் பெயர் பெற்றான். பெயர் பெற்றதும் அவன் மரணம் கனத்தது. 2010இல், வீழ்ந்தவர் அடுத்த போரில் மீண்டு வரும் இலகுவான முறையொன்றும் சேர்க்கப்பட்டது. இழப்பின் கனத்தைத் தாங்க விரும்பாதாரும் பலர் இருந்தனர் என்பதற்கு அதுவே சான்று. பேலியகொடை மாணவன் பழைய முறையிலேயே ஆடினான்.

நம் நண்பர் சிலர் இங்கே குறுக்கிடுவர். "தொழிலாளியின் மகன் துயரை மறப்பதற்காகப் பெருமுதலாளி விற்கும் கஞ்சா இது, இதற்கு ஒரு தத்துவ விசாரணையா?" என்பர். இக்கேள்வியின் ஒரு பாதி மெய். கருவியை விற்பது பன்னாட்டு மூலதனமே. இத்தகைய மின்னணுக் கருவிகளை உலகுக்குத் தொகுத்தளிக்கும் பொக்ஸ்கோன் நிறுவனம், சீனத்தின் யந்தாய் தொழிற்சாலையில் 14 முதல் 16 வயதுக்குட்பட்ட சிறுவரைப் பயிற்சியாளர் என்ற பேரில் வேலை வாங்கியதை 2012இல் தானே ஒப்புக்கொண்டது. திரையில் ஒவ்வொரு வீரனுக்கும் பெயர் உண்டு. திரையைப் பொருத்திய சிறுவனின் பெயர் எங்கும் இல்லை. இதை மறந்து விளையாட்டின் அறம் பேசுவது பாதி அறமே.

எனினும் மறுபாதியை நாம் விட்டுவிடலாகாது. மக்கள் எதில் தம் ஓய்வைச் செலவிடுகின்றனரோ அங்கே அவர்தம் எண்ணங்களும் உருவாகின்றன. கூத்தை ஆராயலாம், சினிமாவை ஆராயலாம், இதை ஆராயலாகாது என்பதற்கு நியாயமில்லை. விளையாட்டுக்கும் வாழ்வுக்கும் தொடர்பில்லை என்பதை விற்பவர்களே நம்பவில்லை. 'அட்வான்ஸ் வோர்ஸ்' என்ற முறைவைத்து ஆடும் போர்விளையாட்டு 2001 செப்டெம்பர் 10ஆம் நாள் அமெரிக்காவில் வெளியாயிற்று. மறுநாள் நியூயோர்க்கின் கோபுரங்கள் வீழ்ந்தன. ஜப்பானில் அவ்விளையாட்டின் வெளியீடு 2004 வரை தள்ளிப்போயிற்று. அதன் புதிய பதிப்பு 2022இல் வரவிருந்தபோது உக்ரேனில் ரஷ்யப் படை புகுந்தது. அண்மைய உலக நிகழ்வுகளைக் காரணங்காட்டி நிண்டெண்டோ நிறுவனம் அதையும் நிறுத்திவைத்து 2023 ஏப்ரலில் வெளியிட்டது. வணிகருக்குள்ள இந்தக் கூச்சம் விமரிசகருக்கு இல்லாதிருப்பது விந்தையன்றோ?

ஆகவே மாணவனின் சொல்லுக்குத் திரும்புவோம். பெயர் தெரிந்த ஆளைச் சாகவிட்டு அப்பாற் செல்ல முடியாது என்கிறான் அவன். தமிழ் மரபு இதை நன்கறியும். களத்தில் வீழ்ந்தவனுக்குக் கல் எடுத்து அதிற் பெயரும் புகழும் பொறித்தனர் நம் முன்னோர். ஆநிரை மீட்கப் போய் மாண்ட ஊரவனுக்கும் நடுகல் உண்டு. பிற்காலத்திற் பேரரசுகள் எழுந்தன, பாட்டும் மாறியது. கலிங்கத்துப்பரணியிற் குலோத்துங்கனுக்குப் பெயர் உண்டு, படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானுக்குப் பெயர் உண்டு. இறந்துகிடக்கும் ஆயிரமாயிரவரோ பேய்கள் சமைக்கும் கூழுக்குப் பொருளாகின்றனர். கவிதை என்ற வகையில் அதன் சிறப்பை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் நடுகல்லிலிருந்து பரணிக்கு வந்த வழியில், வீழ்ந்தவனின் பெயர் தொலைந்துபோயிற்று. அதை ஒரு சிறுவிளையாட்டு மீட்டுத் தருமாயின் நாம் அதை இகழ வேண்டியதில்லை.

ஆனால், மாணவனிடம் நாம் மற்றொன்றும் கேட்டோம். அந்த ஒரு மணி நேரத்தில் நீ கொன்ற பகைவரின் பெயர் என்ன? அவன் சிரித்தான். "அவங்களுக்குப் பேர் இல்லை சேர். கொள்ளைக்காரன், படைவீரன் எண்டுதான் காட்டும்" என்றான். தன் வில்லாளி ஒருவனுக்காகப் போரை மீண்டும் தொடங்கியவன், பெயரற்ற இருபது பேரை இரண்டாம் முறையும் கொல்லப் புறப்பட்டான் என்பதே இதன் பொருள். அவன்மீது குற்றமில்லை, களத்தை வகுத்தவர் பெயர்களை ஒரு பக்கத்துக்கே பங்கிட்டிருந்தனர்.

இந்தப் பங்கீடு இந்நாட்டுக்குப் புதிதன்று. துட்டகைமுனு எல்லாளனை வென்றபின், மாண்ட உயிர்களை எண்ணி மனமுடைந்தான் என்று மகாவம்சம் கூறுகிறது. அவனுக்கு ஆறுதல் சொல்ல வந்த துறவிகள், உண்மையிற் கொல்லப்பட்டவர் ஒன்றரை மனிதரே என்றனராம். சரணம் புகுந்தவர் ஒருவர் பாதி. ஐந்து சீலங்களையும் ஏற்றவர் ஒருவர் முழுமை. ஏனையோர் விலங்கினும் மேலாகக் கொள்ளத்தக்கவர் அல்லர். இப்பகுதியை நாம் எடுத்துக்காட்டுவது ஒரு மதத்தையோ இனத்தையோ பழிக்க அன்று. எவ்வுயிருக்கும் இரங்கச் சொன்ன புத்தரின் போதனைக்கு இவ்வாறுதல் எத்துணை தூரம் என்பதைப் பௌத்தர்களே எடுத்துரைத்துள்ளனர். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அக்கதையில் மன்னனின் வருத்தம் மெய்யானது. அவன் இறந்தோரை இறந்தோராகவே கண்டான். அவன் வருத்தத்தைப் போக்கக் கணக்கை மாற்றவேண்டியிருந்தது. மனிதத் தொகையைக் குறைத்தாலன்றி வெற்றியின் துயர் குறையாது என்பதை ஆறுதல் சொன்னோர் அறிந்திருந்தனர். அதன்பின் எத்தனையோ தரப்பினர், எத்தனையோ மொழிகளில், இதே கணக்கைப் போட்டுள்ளனர். தமிழும் அம்மொழிகளுள் ஒன்று.

பெயர் தெரிந்துவிட்டால் மட்டும் போதுமா என்ற ஐயமும் இங்கே எழவேண்டும். 'பயர் எம்பிளம்' முதன்முதல் ஓடிய 'பமிகொம்' என்னும் வீட்டுக் கருவி 1983 ஜூலை 15ஆம் நாள் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதே ஜூலையின் கடைசி வாரத்தில் வெள்ளவத்தையிலும் கொழும்பின் பிற பகுதிகளிலும் தமிழர் வீடுகள் எரிந்தன. வந்தவர்களிற் பலர் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்து வீடுகளை இனங்கண்டனர் என்பது பதிவாகியுள்ளது. அவர்களுக்குப் பெயர்கள் தெரிந்தேயிருந்தன. அதே நாட்களில் அயல்வீட்டுத் தமிழரைத் தம் வீடுகளில் ஒளித்துவைத்த சிங்கள மக்களுக்கும் அப்பெயர்கள் தெரியும். பட்டியலில் உள்ள பெயர் வேறு. வேலிக்கு மேலாய் அழைத்துப் பழகிய பெயர் வேறு. பெயரோடு உறவும் வேண்டும். 2020 ஒக்டோபரில் மீன்சந்தையிற் கொரோனாத் தொற்றுக் கண்டறியப்பட்டபோது 'பேலியகொடைக் கொத்தணி' என்ற சொல் நாடெங்கும் ஒலித்தது. உறவற்ற பெயர் மனிதரை எண்ணிக்கையாக்கிவிடும் என்பதை அச்சந்தையின் உழைப்பாளர் அப்போதும் உணர்ந்தனர்.

இனி, நம்மை நேரே தாக்கும் பகுதிக்கு வருவோம். இவ்வகை விளையாட்டுகளுள் 'டாக்டிக்ஸ் ஓகர்' என்பது 1995இல் முதலில் வெளிவந்து, 2010இல் கையடக்கக் கருவிக்குப் புதுப்பிக்கப்பட்டது. அதன் ஆசிரியர் யசுமி மாட்சுனோ. அக்காலத்து யூகோஸ்லாவியப் போர்களின் தாக்கம் அதில் உண்டு என அவர் கூறியுள்ளார். வலேரியா என்னும் கற்பனைத் தீவு. அதில் மூன்று இனங்கள். ஒடுக்கப்பட்ட சிறுபான்மையினரான வாலிஸ்டர் மக்களின் விடுதலைக்குப் போராடும் டெனாம் என்ற இளைஞன். முதற் காண்டத்தின் முடிவில் அவனுக்குத் தன் தலைமையிடமிருந்தே ஒரு கட்டளை வருகிறது. பல்மமுசா என்ற ஊரில் அடைபட்டுக்கிடக்கும் தன் இனத்தவரே கிளர்ந்தெழ மறுக்கின்றனர், அவர்களைக் கொன்று பழியைப் பகைவர்மேற் போட்டால் மற்றெல்லாரும் கொதித்தெழுவர், விடுதலை கைகூடும். உடன்படுகிறாயா, மறுக்கிறாயா?

தீவு, பெரும்பான்மை, சிறுபான்மை, விடுதலை, தலைமையின் இரகசியக் கட்டளை. இதனை வாசிக்கும் இலங்கைத் தமிழன் ஒருகணம் கண்ணை மூடாதிருப்பானா?

ஆடுபவன் மறுத்தாலும் படுகொலை நடந்தே தீரும், டெனாம் மீது பழி விழும், அவன் வேட்டையாடப்படுவான். உடன்பட்டால் அவன் இயக்கத்தின் வீரனாவான். இன்னொரு நுட்பமும் உண்டு. டெனாம் மறுத்தால் அவன் தோழன் வைஸ் உடன்படுகிறான்; டெனாம் உடன்பட்டாலோ அதே வைஸ் அறம் பேசி விலகுகிறான். மனிதர் நல்லவர் கெட்டவர் எனப் பிறப்பதில்லை, நிலைமையும் தெரிவும் அவர்களை ஆக்குகின்றன என்ற பாடம் இதில் உண்டு.

நம் மரபும் இதனை அறியும். அரவான் களப்பலி தமிழகத்துப் பாரதக் கூத்துகளில் ஊர்தோறும் ஆடப்படுவது. பாண்டவர் வெல்ல வேண்டுமானால் குறையற்ற ஒருவன் போருக்கு முன்பே பலியாக வேண்டும். அருச்சுனன் மகனே அதற்குத் தெரிந்தெடுக்கப்படுகிறான். ஆனால் ஒரு வேற்றுமையைக் காண்க. அரவான் கேட்கப்படுகிறான், அவன் தானே இசைகிறான். பல்மமுசா மக்களை எவரும் கேட்கவில்லை. நாம் வணங்கும் தியாகத்துக்கும் நாம் அஞ்சும் கொலைக்கும் இடையில் அந்த ஒரு கேள்விதான் நிற்கிறது. அரவானின் இசைவும் எத்தகையது, மறுக்கும் உரிமை அவனுக்கு உண்மையில் இருந்ததா என்று கேட்கத் தொடங்கினால் அந்த இடைவெளியும் சுருங்குகிறது.

முடிவு வழியை நியாயப்படுத்துமா என்பது இடதுசாரிகள் ஒதுக்கிவைக்கக்கூடிய வினாவன்று. 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றிய காலந்தொட்டு இந்நாட்டு வாசகர் அறிந்த ட்ரொட்ஸ்கி, 1938இல் 'அவர்களுடைய ஒழுக்கமும் நம்முடையதும்' என்ற கட்டுரையில் இதை நேர்நின்று எழுதினார். வழியை நியாயப்படுத்துவது முடிவே. ஆனால் முடிவும் நியாயப்படுத்தப்பட வேண்டும். மேலும் எல்லா வழிகளும் விடுதலைக்கு இட்டுச்செல்வதில்லை. உழைக்கும் மக்களில் ஒரு பகுதியை மற்றொரு பகுதிக்கு எதிராய் நிறுத்தும் வழிகளும், மக்களின் இடத்தில் தலைவரை நிறுத்தும் வழிகளும் விலக்கத்தக்கவை என்றார். அதே ஆண்டில் அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் டூயி மறுமொழி எழுதினார். எந்த வழி எந்த முடிவை உண்மையில் விளைக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் விளைவுகளைக் கண்டே சோதிக்க வேண்டும், வரலாற்று விதியொன்றிலிருந்து வழியை முன்கூட்டியே வருவித்துவிட இயலாது என்பது அவர் கருத்து. இருவரும் எங்கே ஒன்றுபடுகின்றனர் என்பது முக்கியம். தான் தொடங்கிய இடத்துக்கே கேடு விளைக்கும் வழி, எத்தகைய முழக்கத்தை ஏந்தினும், அந்த முடிவின் வழியன்று.

இவ்வளவுகோலை நம்மீதே வைத்துப் பார்ப்போம். 1971இலும் 1987 முதல் 1989 வரையும் தென்னிலங்கை இளைஞரை ஆயிரக்கணக்கிற் களத்துக்கு அனுப்பியவர்கள் விடுதலையின் பெயராலேயே அனுப்பினர். அவர்களை அழித்த அரசு ஒழுங்கின் பெயரால் அழித்தது. 1986இற் தமிழ் இயக்கமொன்று மற்றோர் இயக்கத்தின் இளைஞரைத் தெருவிற் கொன்றதும், 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் தம் சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டதும் இனத்தின் நலன் என்ற பெயராலேயே நடந்தன. 2009இல் முள்ளிவாய்க்காலிற் குறுகிய கரைத்துண்டில் மக்கள் சிக்குண்டபோது, ஒரு தரப்பு அவர்கள்மீது குண்டு பொழிந்தது. மறுதரப்பு அவர்களை வெளியேறவிடாது தடுத்தது. எல்லாத் தரப்புக் களப்படங்களிலும் அவர்கள் காய்களாகவே இருந்தனர். எவரும் அவர்களைக் கேட்கவில்லை.

'டாக்டிக்ஸ் ஓகர்' விளையாட்டின் 2010ஆம் ஆண்டுப் பதிப்பிற் புதியதொரு வசதி உண்டு. அதன் பெயர் 'தேர்'. ஒரு நகர்வு பிழைத்தால் ஆடுபவன் காலத்தைப் பின்னோக்கி உருட்டலாம். ஐம்பது நகர்வுகள் வரை மீளலாம். இப்பெயரைக் கேட்டதும் தமிழர் எவருக்கும் மற்றொரு தேர் நினைவுக்கு வரும். கன்றை நசுக்கிய மகனைத் தேர்க்காலில் இட்ட சோழன் கதை சிலப்பதிகாரத்தில் கண்ணகி வாய்மொழியாக வருகிறது. அங்கே இறந்தவர் எழுவதில்லை. அதே கதையை எல்லாளன் மேல் ஏற்றி மகாவம்சமும் போற்றிச் சொல்கிறது. பகைமன்னனின் நீதியை மறைக்காது பதிந்த அந்நேர்மையை நாம் பாராட்ட வேண்டும். அங்கும் மகன் எழுவதில்லை. நூற்றாண்டுகள் கழிந்து பெரியபுராணத்திற்கு வரும்போதோ, இறைவன் தோன்றிக் கன்றையும் மகனையும் உயிர்ப்பிக்கிறான். பக்தி தேரைப் பின்னோக்கி உருட்டியது. இன்று கருவி அதையே செய்கிறது. இரண்டிலும் மனித மனத்தின் ஒரே ஏக்கம் தெரிகிறது: நடந்தது நடவாமற் போகாதா?

அவ்வேக்கத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். காணாமற்போன பிள்ளையின் படத்தைக் கையிலேந்தி வீதியோரம் அமர்ந்திருக்கும் தாயிடம் அதே ஏக்கம் உண்டு. ஆயினும் மனுச்சோழன் கதை நீதிக்கதை ஆனது தேர் மீளாததால். மீளும் என்று தெரிந்திருந்தால் அவன் செய்தது நாடகமாகியிருக்கும். பொறுப்பு என்பது திருப்பிவைக்க முடியாத செயலிலிருந்தே பிறக்கிறது. திரும்ப முடியாது என்பதை அறிந்தவனே நகர்த்துமுன் நின்று நினைக்கிறான்.

இப்போது மாணவனின் செயலை நாம் எடைபோடலாம். அவன் கருவியை நிறுத்தியது ஒருவகையில் தப்பித்தலே; இழப்பை ஏற்றுக்கொண்டு, வில்லாளியின் இடம் வெறுமையாய் இருக்க, எஞ்சியோருடன் நடந்திருப்பானாயின் அது கடினமான அறம். ஆயினும் அவனுக்குள் எழுந்த மறுப்பு வீணன்று. வெற்றி கையெட்டும் தூரத்தில் இருக்கையில், பலமில்லாத ஒருவன் வீழ்ந்ததற்காக வெற்றியையே வேண்டாமென்று வைத்த உள்ளம், நம் தலைவர் பலரிடம் காணப்படாத உள்ளம். விளையாட்டு அவனுக்கு அதைக் கற்பித்ததா, அவனே அதைக் கொண்டுவந்தானா என்பதை நாம் அறியோம். கற்பிக்க வேண்டியதன் மீதி நம் கையில் இருக்கிறது.

அந்த மீதி இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, பெயரற்ற பகைவனுக்கும் ஒரு தாய் பெயரிட்டிருப்பாள் என்பதைச் சொல்லிக்கொடுத்தல். ஒன்றரை மனிதர் என்ற கணக்கை, யார் போட்டாலும், எந்த மொழியிற் போட்டாலும், வகுப்பறையிலேயே தவறென்று அடித்தல். இரண்டாவது, விளையாட்டில் மேலிருந்து நகர்த்தும் கை ஒன்று உண்டு. வாழ்வில் அப்படி ஒரு கை இருத்தலாகாது என்பதை உணர்த்தல். நாம் வேண்டும் சமுதாய மாற்றம் நல்ல ஆட்டக்காரனைத் தேடிப்பிடிக்கும் முயற்சியன்று. நகர்த்தப்படுவோர் தாமே கூடிப் பேசி, தாமே கேட்கப்பட்டு, தாமே முடிவுசெய்து நகர்வதே அம்மாற்றம். கேட்கப்படாத ஒருவரின் உயிரைச் செலவிட்டு வாங்கும் விடுதலை, வாங்கிய அன்றே கடனிற் போய்விடும்.

சில நாட்களின் பின் மாணவனை மீண்டும் கண்டோம். ஆட்டம் எம்மட்டில் என்று கேட்டோம். வில்லாளியைக் காப்பாற்றிவிட்டதாகச் சொன்னான். பிறகு சற்றே தயங்கி, "இப்ப அடிக்கேக்க அந்த மற்ற ஆக்களையும் பாக்கிறன் சேர்" என்றான். நாம் வேறெதுவும் சொல்லவில்லை. விடியுமுன் சந்தைக்குப் போகவேண்டிய தகப்பன் உள்ளே உறங்கிக்கொண்டிருந்ததால், இருவரும் குரலைத் தாழ்த்தி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.